வால்வு ரேடியோவில் புதிதாகப் போட்ட டயல் நூலும் வழுக்குவது ஏன்?

தாத்தா காலத்து ஐந்து வால்வு மேசை ரேடியோ ஒன்று உங்களிடம் இருக்கிறது, ஒலி நன்றாகவே வருகிறது. ஆனால் டியூனிங் குமிழைத் திருப்பினால் முள் பாதி தூரம் போய் நின்றுவிடுகிறது. அதன்பின் குமிழ் மட்டும் வெறுமனே சுற்றுகிறது. கடையில் கொடுத்துப் புது நூல் மாற்றியும் சில வாரங்களில் பழைய நிலைமையே திரும்பிவிட்டது. இனி எந்த நூல் போடுவது, அல்லது நண்பர் சொன்னபடி டபிள்யூ.டி.-40 என்ற தெளிப்பு எண்ணெயை அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நூலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, புது நூலும் ஏன் நிற்கவில்லை என்பதுதான். வால்வு ரேடியோக்களைப் பழுதுபார்ப்பதே நெடுங்காலம் என் தொழிலாக இருந்தது. டயல் நூல் தேய்ந்து தானாக அறுந்த ரேடியோக்களைவிட, வேறொரு பாகம் இறுகிப்போனதால் நூல் தோற்றுப்போன ரேடியோக்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். உங்களுடையதும் இரண்டாவது வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அமைப்பு எளிமையானது. நீங்கள் திருப்பும் குமிழ் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு ஸ்பிண்டிலை, அதாவது சிறு தண்டைச் சுழற்றுகிறது. அதன்மேல் சில சுற்றுகள் சுற்றிய நூல், கேங் கண்டென்சரின் அச்சில் பொருத்திய பெரிய டிரம்மை, அதாவது சக்கரத்தை இழுக்கிறது. நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும், தகடுகள் கொண்ட பாகம்தான் இந்தக் கேங். கேங்கின் அசையும் தகடுகள் நிலையான தகடுகளுக்குள் முழுவதும் நுழைந்த நிலையிலிருந்து முழுவதும் வெளியே வரும் நிலைவரை டிரம் அரைச் சுற்று மட்டுமே சுழலும். டிரம்மின் விட்டம் 10 சென்டிமீட்டர் என்றால் அரைச் சுற்றில் நூல் 15.7 சென்டிமீட்டர் நகரும். முள்ளும் டயலில் அதே தூரம் போகும். மெல்லிய ஸ்பிண்டில் ஒரு சுற்றுக்கு 2 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே நூலை நகர்த்துவதால், ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகக் குமிழை எட்டுச் சுற்றுக்குமேல் திருப்ப வேண்டியிருக்கும். கையின் சிறு அசைவையும் இந்த விகிதம் நுணுக்கமாக்கித் தருகிறது. ஆனால் இதில் எங்குமே பற்சக்கரப் பிடிப்பு கிடையாது. ஸ்பிண்டிலுக்கும் நூலுக்கும் இடையிலான உராய்வு ஒன்றுதான் எல்லாவற்றையும் நகர்த்துகிறது. டிரம் சுழல மறுத்தால் வழுக்குவதைத் தவிர நூலுக்கு வேறு வழியில்லை.

பெட்டியைத் திறக்கும்முன் ஒரு எச்சரிக்கை. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிறகு வால்வுகளின் எண்களைப் படியுங்கள். 'இ' என்ற எழுத்தில் தொடங்கினால், அதாவது இ.சி.எச். 81, இ.எல். 84 போல இருந்தால், 6.3 வோல்ட் ஃபிலமென்ட் கொண்ட வால்வுகள் அவை. பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 'யூ' என்று தொடங்கினால், அதாவது யூ.சி.எச். 81, யூ.எல். 84 போல இருந்தால், ஃபிலமென்டுகளைத் தொடராக இணைத்த ஏ.சி./டி.சி. வகை அது. அத்தகைய ரேடியோவில் சேசிஸே, அதாவது பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டமே நேரடியாக வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பியோடு இணைந்திருக்கும். பிளக்கை எந்தப் பக்கமாகச் செருகினீர்கள் என்பதைப் பொறுத்து, குமிழைக் கழற்றியபின் தெரியும் வெற்று ஸ்பிண்டிலும், அடியில் சேசிஸைப் பிடித்திருக்கும் திருகுகளும்கூட 230 வோல்ட்டில் இருக்கலாம். எந்த வகையானாலும் மின்சாரத்தை நிறுத்தியபின், மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சரில் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல், 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரை நன்கு காப்பிட்ட கம்பிகளில் பற்றவைத்து, அதன் வழியாகச் சில விநாடிகள் இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்து உறுதிசெய்த பிறகே கை வையுங்கள். இந்தப் பத்தியில் உங்களுக்குத் தயக்கம் ஏதும் இருந்தால், மீதி வேலையைத் தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இனி நோயைப் பிரித்தறிவது. எது நகர்கிறது, எது நகரவில்லை என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். குமிழைத் திருப்பும்போது நிலையங்கள் மாறி, முள் மட்டும் நின்றால், முள் நூலிலிருந்து கழன்றிருக்கிறது. முள் ஓடியும் நிலையம் மாறவில்லை என்றால், டிரம்மை கேங் அச்சில் இறுக்கும் சிறு திருகு தளர்ந்திருக்கிறது. முள்ளும் நிலையமும் இரண்டுமே நின்று, குமிழ் மட்டும் சுற்றினால் முதலில் குமிழைக் கழற்றி ஸ்பிண்டிலை விரலாலேயே திருப்பிப் பாருங்கள், ஏனெனில் குமிழின் திருகு தளர்ந்ததற்காக ரேடியோவையே பிரித்தவர்கள் உண்டு. ஸ்பிண்டில் சுற்றியும் டிரம் நின்றால் அது நூல் வழுக்கல். உங்கள் விவரிப்பு இந்தக் கடைசி வகையில் சேர்கிறது. அதிலும் டயலின் அதே இடத்தில் எப்போதும் வழுக்குகிறது என்பது முக்கியமான தடயம். டயல் முழுவதும் சீராக வழுக்கினால் ஸ்பிரிங் தளர்ந்தது, நூல் நீண்டது, ஸ்பிண்டிலில் எண்ணெய் பட்டது என்று ஊகிக்கலாம். ஒரே இடத்தில் வழுக்கினால் காரணங்கள் இரண்டாகச் சுருங்கும்: அந்த இடத்தில் கேங் இறுகுகிறது, அல்லது ஸ்பிண்டிலின் மேலுள்ள சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்குகின்றன. இரண்டில் எது என்று இங்கிருந்தபடி என்னால் சொல்ல முடியாது. உங்கள் விரலால் கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கு நூலின் ஸ்பிரிங்கைக் கொக்கியிலிருந்து கழற்றி, நூலைத் தளர்த்திவிட்டு, டிரம்மை மட்டும் ஒரு விரலால் மெல்லத் தள்ளுங்கள். நல்ல கேங் வெண்ணெயில் ஓடுவதுபோல ஒரே சீராக, விரலின் எடையிலேயே நகரும். விட்ட இடத்தில் நிற்கும். தொடக்கத்தில் ஒட்டிப் பிறகு நகர்ந்தாலோ, நடுவில் கனத்தாலோ குற்றவாளி அகப்பட்டுவிட்டது. கேங்கின் முன்பக்கத்தில் ஒரு வளையத்தில் சிறு குண்டுகளும், பின்பக்கத்தில் பெரும்பாலும் ஒற்றைக் குண்டும், அதை அழுத்தும் ஒரு திருகும், அதைப் பூட்டும் நட்டும் இருக்கும். அறுபது ஆண்டுகளில் அந்தக் குண்டுகளில் இட்ட கிரீஸ் எண்ணெய்ப் பசை போய், பழுப்பு நிற மெழுகாக இறுகியிருக்கும். இதை விட்டுவிட்டுப் புது நூல் போட்டால், எத்தனை உயர்ந்த நூலானாலும் சில வாரம்தான் தாங்கும். கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவர் நூல் கேட்டவருக்கு நூல் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

பின்பக்கத் திருகைத் தளர்த்திவிட்டால் எளிதாகச் சுழலுமே என்று தோன்றும். அதைத் தொடவே தொடாதீர்கள். அசையும் தகடுகள் நிலைத்தகடுகளின் நட்டநடுவில் ஓடுவது அந்தத் திருகின் நிலையைப் பொறுத்தது. தகடுகளின் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். திருகு கால் சுற்று நகர்ந்தாலும் தகடுகள் ஒரு பக்கம் ஒதுங்கி, டயலின் அளவுகள் அனைத்தும் பிசகும். மோசமானால் தகடுகளே உரசும். டபிள்யூ.டி.-40 பற்றியும் என் கருத்து உறுதியானது: வேண்டாம். அது தற்காலிகமாக இளக்கும், உண்மை. ஆனால் தெளிக்கும்போது அது குண்டுகளோடு நிற்காது. தகடுகளின் இடையிலும் டிரம்மிலும் நூலிலும் பரவும். தகடுகளில் தங்கிய மெல்லிய படலம் தூசியைப் பிடித்து வைக்கும்; நூலில் பட்டால் நம்பியிருந்த உராய்வே போய்விடும். அதற்குப் பதிலாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த மெல்லிய தூரிகையால் முன்பக்கக் குண்டுகளை நனைத்து, டிரம்மை முன்னும் பின்னும் சுழற்றி, வெளிவரும் பழுப்புக் கசடைத் துணியால் ஒற்றி எடுங்கள். நிறம் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். அவசரப்பட்டால் பாதி மெழுகு உள்ளேயே நிற்கும். நன்கு உலர்ந்தபின் ஊசி முனையில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய், அதுவும் குண்டுகளுக்கு மட்டும். கேங்கின் இரண்டு பகுதிகளுக்கு நடுவில் அச்சை அழுத்திக்கொண்டிருக்கும் பித்தளை நாக்குகளும் இருக்கும். அசையும் தகடுகளுக்கு எர்த் தருபவை அவைதாம். அவற்றின் அடியில் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டைச் செருகி இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். டியூன் செய்யும்போது கரகரவென்று கேட்கும் ஓசை பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

பலர் கவனிக்காத இன்னோர் இடம் கேங் நிற்கும் ரப்பர் கால்கள். ஸ்பீக்கரின் அதிர்வு கேங்கின் தகடுகளை அதிரவைத்தால், குறிப்பாகச் சிற்றலையில் ஒலி கூட்டும்போது, ரேடியோ ஊளையிடத் தொடங்கும். அதைத் தடுக்கவே கேங்கை ரப்பர் வளையங்களின் மேல் மிதக்க விட்டிருப்பார்கள். காலப்போக்கில் அந்த ரப்பர் கல்லாக இறுகும், அல்லது தாராக உருகும். ஒரு கால் அமுங்கிவிட்டால் கேங் சாய்ந்து, டிரம்மின் பள்ளமும் நூல் வந்து சேரும் கப்பியும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் போகும். நூல் விளிம்பில் உரசி ஏறும். பக்கவாட்டிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும். அதே தடிமனுள்ள ரப்பர் வளையங்களை எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கி மாற்றலாம். மாற்றும்போது கேங்கிலிருந்து சேசிஸுக்குப் போகும் பின்னல் எர்த் கம்பியை அறுத்துவிடாதீர்கள். ரப்பருக்குப் பதில் வெறும் நட்டு போட்டு இறுக்கியிருப்பதைப் பழைய ரேடியோக்களில் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் நூல் நிற்கும், ஊளை வந்து சேரும்.

கேங் சுத்தமாகச் சுழலத் தொடங்கிய பிறகே நூலின் முறை. 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள, பின்னிய நூல்தான் வேண்டும். டயல் நூல் என்றே கேட்டால் சில கடைகளில் இன்றும் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் பின்னல் வகைத் தூண்டில் நூல் நன்றாக உழைக்கும். ஒற்றை இழைத் தங்கூசி நரம்பு உதவாது. வழவழப்பாக இருப்பதோடு, இழுவையில் மெல்ல மெல்ல நீளும். உங்களுக்குப் போட்டது அதுவாக இருந்தால், சில வாரத்தில் தளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வெறும் பருத்தி நூல் மழைக்காலத்தில் ஒரு நீளம், வெயிலில் ஒரு நீளம் என்று மாறிக்கொண்டே இருக்கும்.

ஸ்பிண்டிலில் எத்தனை சுற்று என்பது நூலின் தரத்தைவிட முக்கியம். உருளையில் சுற்றிய நூலின் பிடிப்பு, சுற்றுகளின் எண்ணிக்கையோடு கூட்டல் கணக்கில் வளராது, பெருக்கல் கணக்கில் வளரும். உராய்வு எண் 0.2 என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முழுச் சுற்றும் பிடிப்பை ஏறத்தாழ மூன்றரை மடங்காக்கும்: ஒரு சுற்றுக்கு 3.5, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 43 என்று போகும். மூன்று சுற்று போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டால் பிடிப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அப்படியானால் ஆறு சுற்று போட்டுவிடலாமே என்றால் அதுவும் கூடாது. குமிழைத் திருப்பும்போது சுற்றுகள் ஸ்பிண்டிலின் நீளவாக்கில் மெல்ல நகரும். இடம் போதாவிட்டால் விளிம்பில் முட்டி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். நான் முன்பு சொன்ன 'ஒரே இடத்தில் வழுக்கும்' நோயின் இரண்டாவது காரணம் இதுதான். பெரும்பாலான மேசை ரேடியோக்களுக்கு இரண்டரை முதல் மூன்று சுற்று சரியாக இருக்கும். சுற்றுகள் அருகருகே, இடைவெளியோ ஏற்றமோ இல்லாமல் படிய வேண்டும்.

பழைய நூலை அறுத்து எறியும்முன் கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். கடையில் போட்ட நூலின் பாதையே தவறாக இருக்கலாம் என்பதால், படத்தை அப்படியே நம்பாமல் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். கேங் தகடுகள் முழுவதும் உள்ளே நுழைந்த நிலையில் முள் டயலின் தாழ்ந்த அதிர்வெண் முனையில், அதாவது மத்திய அலையில் 540 கிலோஹெர்ட்ஸ் அல்லது ஏறக்குறைய 550 மீட்டர் பக்கம் நிற்க வேண்டும். குமிழை வலஞ்சுழியாகத் திருப்பினால் முள்ளும் வலப்பக்கமே போக வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் ஸ்பிண்டிலில் நூலைச் சுற்றிய திசை தவறு. நூலை இடும்போது தகடுகளை முழுவதும் உள்ளே வைத்துக்கொள்வது அவற்றுக்கும் பாதுகாப்பு. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கை பட்டு வளைந்துவிடும். ஒரு முனையை டிரம்மின் உள்ளே இருக்கும் கொக்கியில் கட்டி, பாதை முழுவதும் சுற்றிக் கொண்டுவந்து, மறு முனையை ஸ்பிரிங்கில் கட்டுங்கள். முடிச்சில் ஒரு துளி நகப்பூச்சு வைத்தால் அவிழாது. ஸ்பிரிங் தன் இயல்பான நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீண்டிருக்கும் அளவுக்கு இழுவை இருந்தால் போதும். பழைய ஸ்பிரிங் சுருங்கவே மறுத்தால் மாற்றிவிடுங்கள். ஆனால் பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங் இதற்கு ஆகாது, அது அமுக்குவதற்கான ஸ்பிரிங், இழுப்பதற்கானது அன்று. வழியிலுள்ள கப்பிகள் ஒவ்வொன்றையும் விரலால் சுற்றிப் பாருங்கள். சுழலாமல் நின்ற கப்பியில் நூல் உரசி அறுந்துவிடும். அச்சில் ஒரு பொட்டு எண்ணெய் வைத்து, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். இத்தனைக்கும் பிறகு சற்றே வழுக்கினால், வயலின் வில்லுக்குப் பூசும் ரோசினைப் பொடித்து ஆல்கஹாலில் கரைத்து, ஸ்பிண்டிலின் மேல் படியும் நூலில் மட்டும் ஒரு துளி தடவலாம். இறுகிய கேங்கை ரோசின் போட்டு ஓட்டப் பார்ப்பது மட்டும் வேண்டாம்.

முள்ளை நூலில் கவ்வவிட்டபின் உடனே ஒட்டிவிடாதீர்கள். உங்கள் ஊரில் கேட்கும் மத்திய அலை நிலையத்தை வைத்து இடம் பாருங்கள். சென்னை 'ஏ' நிலையத்தின் அதிர்வெண் 720 கிலோஹெர்ட்ஸ். மீட்டரில் எழுதிய டயலில் 417 பக்கம். திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ். மீட்டரில் 320 பக்கம். 1978 நவம்பரில்தான் நம் பகுதியில் மத்திய அலை நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் அச்சிட்ட டயல்களில் ஊர்ப் பெயர் சற்றே தள்ளி இருக்கலாம். ஆனால் 16 சென்டிமீட்டர் டயலில் ஒரு மில்லிமீட்டர் என்பது சராசரியாக 7 கிலோஹெர்ட்ஸ். ஆகவே விரல் அகலத்துக்குப் பிசகினால் அதற்கு இந்த மாற்றத்தைக் காரணம் காட்ட முடியாது. எல்லா நிலையங்களும் ஒரே பக்கமாக, ஒரே தூரம் தள்ளியிருந்தால் முள்ளை நூலில் நகர்த்தினால் தீர்ந்தது. பிறகு ஒரு பொட்டு நகப்பூச்சு. ஒரு முனை சரியாகவும் மறு முனை தவறாகவும் இருந்தால் அது நூல் விவகாரம் அன்று. ரேடியோவுக்குள்ளேயே அலையை உருவாக்கும் ஆஸிலேட்டர் பகுதியின் டிரிம்மர், பேடர் என்ற சிறு கண்டென்சர்களை, சோதனை அலை தரும் சிக்னல் ஜெனரேட்டர் வைத்துச் சரிசெய்ய வேண்டிய வேலை. முள் சரியான இடத்தில் நிற்கவில்லை என்பதற்காக ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) டிரான்ஸ்ஃபார்மரின் மைய இரும்பைத் திருகுபவர்கள் ஒரு நல்ல ரேடியோவை ஊமையாக்கிவிடுகிறார்கள். டயல் கண்ணாடியைத் துடைக்கும் ஆசை வந்தால், எழுத்துகள் உள்பக்கம் அச்சிடப்பட்டவை என்பதை மறக்க வேண்டாம். ஆல்கஹால் பட்டால் ஊர்ப் பெயர்கள் துணியோடு வந்துவிடும். உள்பக்கத்துக்கு உலர்ந்த மென்தூரிகை மட்டுமே.

வேலை எந்த அளவுக்குச் சரியாக வந்திருக்கிறது என்பதைச் சிற்றலையில் சோதியுங்கள். 6 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை அதே 16 சென்டிமீட்டருக்குள் அடங்கும்போது ஒரு மில்லிமீட்டரில் சராசரியாக 75 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கும் நிலையங்களில் பதினைந்துக்கு அது இடம். மத்திய அலையில் கண்ணுக்கே தெரியாத தளர்ச்சி, இங்கே நிலையத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வரவைக்கும். குமிழைத் திருப்பி விட்டதும் நிலையம் மெல்ல நழுவினால் இழுவை போதவில்லை, அல்லது கேங்கில் இன்னும் மெழுகு இருக்கிறது.

நான் உறுதியாகச் சொல்லாத ஒன்று எஞ்சியிருக்கிறது. சுத்தம் செய்தபின்னும் அதே இடத்தில் டிரம் கனத்து, அங்கே 'கரக்' என்ற ஓசையும் வந்து நிலையமும் மறைந்தால், தகடுகள் வளைந்து உரசுகின்றன என்று சந்தேகிக்கலாம். மீட்டரில் பார்க்க நினைத்தால், நிலைத்தகட்டுக்குப் போகும் கம்பியை முதலில் பற்றவைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குறுக்கே இருக்கும் காயிலின் சில ஓம்களே ஷார்ட் போலத் தெரியும். ஒன்றிரண்டு தகடுகள் வளைந்திருந்தால் மெல்லிய பிளேடைச் செருகி நிமிர்த்தலாம், பொறுமை வேண்டும். ஆனால் கேங்கின் உடலோ டிரம்மோ துத்தநாக உலோகக் கலவையில் வார்த்ததாக இருந்து, மேற்பரப்பில் நுண் வெடிப்புகள் ஓடி, உருவமே உப்பியிருந்தால் அது வார்ப்பில் கலந்த ஈயம் போன்ற கலப்படத்தால் உள்ளிருந்து நொறுங்கும் நோய். பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்திய பொருள்களில் காண்பது. அதற்குச் சிகிச்சை கிடையாது. அதே மாடலின் உதிரி ரேடியோவிலிருந்து கேங்கை எடுத்துப் போடுவதுதான் வழி. 540 முதல் 1620 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது மூன்று மடங்கு அதிர்வெண்ணைக் கடக்க, மின்சுற்றின் கொள்ளளவு (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) ஒன்பது மடங்கு மாற வேண்டும்; டயலின் ஒவ்வொரு கோடும் அந்த மாற்றத்துக்கு ஏற்ப அச்சிடப்பட்டது. வேறு கொள்ளளவுள்ள கேங்கை மாட்டினால் ரேடியோ பாடும், ஆனால் முள் காட்டும் ஊர் ஒன்றாகவும் கேட்கும் ஊர் வேறாகவும் இருக்கும்.